மலைநாட்டுச் செம்மறியும் மரக்கறியும்

1848ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தினின்றும் இலங்கை நோக்கிப் புறப்பட்ட 'ஏள் ஒவ் ஆட்விக்' என்னும் கப்பலில், குடியேற வந்த மக்களோடு மூன்று ஆட்டுக்கடாக்களும் ஏற்றப்பட்டிருந்தன. ஒன்று சவுத்டவுண் இனத்தது, மற்றொன்று லெஸ்ரர் இனத்தது, மூன்றாவது கொட்சுவால்டு. அவற்றை அனுப்புவித்தவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்று பெரும்புகழ் எய்திய இவர் அக்காலத்தில் இருபத்தேழு வயதினர். காட்டுச் சுரத்தால் நலிவுற்று நுவரெலியா சென்று, அம்மலையின் தண்காற்றால் உடல் தேறியவர், ஏறத்தாழ ஆறாயிரத்திருநூறு அடி உயரத்திலுள்ள அவ்விடத்திலே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நாட்டிவிடலாம் என எண்ணினார். ஆகவே கடாக்களோடு ஒரு காளையும், டராம் இனப் பசுவொன்றும், உயர்குலக் குதிரையும், வேட்டைநாய்களும், பண்ணை மேற்பார்வையாளர் ஒருவரும் உடன் வந்தனர்.

அம்முயற்சி எவ்வாறு முடிந்தது என்பதைப் பேக்கரே 1855இல் வெளியிட்ட தம் இலங்கை அனுபவ நூலில் மறையாது எழுதியுள்ளார். பசு மலையையே காணவில்லை. கொழும்பினின்றும் ஏறிவரும் வழியில் அம்பேபுசையில் மாண்டது. காடழித்து விதைத்த ஓற்சுப் பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் உண்டன. உருளைக்கிழங்கைப் புழு அரித்தது. கருநிறங் கண்டு வளமுடையதென மதித்த மண், எருவின்றி ஒன்றுந் தாராது என்பது பின்னரே தெளிவாயிற்று. கால்நடைகளிடையே கொள்ளைநோயும் புகுந்தது. பேக்கரை நகையாடுதல் எளிது. ஆயினும் தோல்வியைத் தோல்வியென்றே எழுதிய நேர்மை அக்காலக் குடியேற்றக்காரர் எல்லாரிடத்தும் காணப்படுவதன்று. 1855இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். ஓட்டன் சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் கொணர்ந்த மரக்கறிகளும் காலப்போக்கில் அம்மண்ணிற் குடிகொண்டன. செம்மறி மட்டும் நிலைக்கவில்லை.

குளிர்ந்த இடமெல்லாம் செம்மறிக்கு ஏற்ற இடம் என்பது பொதுவான எண்ணம். உண்மை அஃதன்று. செம்மறிக்குக் குளிர் பகையன்று, ஈரமே பகை. இரு பருவக்காற்றுக்களாலும் மழைபெற்று, ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியில் நனைந்துகிடக்கும் புல்வெளியிலே குளம்பழுகல் நோயும் குடற்புழுக்களும் பெருகும். அடர்ந்த கம்பளி மயிர் நனைந்தால் எளிதில் உலராது. இலங்கையிற் செம்மறி இயல்பாக வாழ்வது எங்கெனின், மலையிலன்று, வெயில் காயும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனையடுத்த வறண்ட நிலங்களிலுமேயாம். அவ்வாட்டுக்குக் கம்பளி இல்லை, குறுமயிரே உண்டு. ஆங்கிலேயன் மலையிலே தேடிய ஆடு வடக்கே பனந்தோப்புக்களில் மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அஃது அவன் வேண்டிய கம்பளியாடு அன்று.

பேக்கரின் கடாக்கள் வந்து எழுபதாண்டுகள் சென்றபின், உலகின் மற்றொரு குளிர்நாட்டில் இதே முயற்சி இன்னும் பெரிய அளவிலே தொடங்கப்பட்டது. அங்கே அதன் முடிவு வேறாயிற்று. ஏன் வேறாயிற்று என வினவுவது மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

யப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவை மெய்சி அரசு 1869இல் அப்பெயரிட்டுத் தன் நேராட்சியில் இணைத்து, குடியேற்றப் பகுதியாக்கியது. எடுவின் டண் என்னும் அமெரிக்கர் 1870களில் அங்குச் சென்று, ஆடுமாடு வளர்க்கும் முறைகளைக் கற்பித்தார். எனினும் செம்மறி அங்கே பெருகியது முதலாம் உலகப் போரின் விளைவாகவே. பிரித்தானியா தன் ஆட்சிக்குட்பட்ட அவுத்திரேலியா, நியூசீலந்து ஆகிய நாடுகளின் கம்பளி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, படையினரின் உடைக்குக் கம்பளியின்றி யப்பான் இடர்ப்பட்டது. 1918இல் அந்நாட்டு அரசு இருபத்தைந்தாண்டுகளிற் பத்து இலட்சம் செம்மறிகளைப் பெருக்குவதென ஒரு திட்டம் வகுத்தது. ஹொக்கைடோவில் சப்போரோ நகரையடுத்த சுக்கிசாமுவிலும், தக்கிக்காவாவிலும் அரசாங்க ஆட்டுப்பண்ணைகள் எழுந்தன.

கம்பளிக்காக வளர்த்த ஆடு முதுமையடைந்தால் அதனை என்செய்வது? யப்பானியருக்கு ஆட்டிறைச்சி பழக்கமில்லை. அதன் நாற்றத்தை அவர் வெறுத்தனர். ஆகவே அதனை உண்ணக் கற்பிப்பதும் அரசின் வேலையாயிற்று. சீனத்தின் வடபகுதியில் ஆட்டிறைச்சியை நெருப்பிற் சுட்டுண்ணும் வழக்கத்தை அங்கு வாழ்ந்த யப்பானியர் கண்டிருந்தனர். அதனைத் தழுவி உருவான உணவுக்கு 'ஜிங்கிசுக்கான்' என்று பெயர் வழங்கலாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியாவை நடுங்கச்செய்த மொங்கோலியப் பேரரசன் செங்கிசுக்கானுக்கும் இவ்வுணவுக்கும் பெயரளவிலன்றித் தொடர்பில்லை. நடுவிற் குவிந்து மேடாயும் விளிம்பிற் பள்ளமாயும் வார்த்த இரும்புச் சட்டியே இதற்குரிய கலம். உச்சியில் ஆட்டுக் கொழுப்பை வைத்து உருக்கி, மேட்டின்மேல் இறைச்சித் துண்டுகளைச் சுடுவர். சுற்றியுள்ள பள்ளத்தில் வெங்காயம், கோவா, பயற்றுமுளை, பூசணி ஆகியவற்றை இடுவர். மேலிருந்து வழியும் சாறு மரக்கறிகளில் ஊறும். தக்கிக்காவாவில் இறைச்சியைச் சாற்றில் ஊறவைத்துச் சுடுவது வழக்கம்; சப்போரோவிலோ சுட்டபின்னரே சாற்றில் தோய்ப்பர். இவற்றுள் எது மேலானது என்பதைப்பற்றி அந்நாட்டார் இன்றும் வாதிடுவதுண்டு.

அரசு கட்டளையிட்டதால் மட்டும் இவ்வுணவு நிலைத்தது எனின் அது பொருந்தாது. இரண்டாம் உலகப் போரின் பின் துணிக்குப் பஞ்சம் வந்தபோது, ஹொக்கைடோவின் உழவர் குடும்பங்கள் தத்தம் வீட்டுத் தேவைக்கு ஒன்றிரண்டு செம்மறிகளை வளர்த்தன. நிலம் அவர்களுடையது, ஆடும் அவர்களுடையதே. மயிரை நூற்று உடையாக்கினர். வயதான ஆட்டை அயலாரோடு கூடிச் சுட்டுண்டனர். 1957இல் யப்பானின் செம்மறித்தொகை ஏறத்தாழ 9 இலட்சத்து 40 ஆயிரமாய் உயர்ந்தது. பின்னர் 1960களில் அயல்நாட்டுக் கம்பளி தடையின்றிப் புகவே, 1970களின் நடுப்பகுதியில் அது பத்தாயிரம் அளவிற்கு வீழ்ந்தது. ஆடு மறைந்தது, உணவு மறையவில்லை. இன்று அச்சட்டியில் இடப்படும் இறைச்சியிற் பெரும்பகுதி அவுத்திரேலியாவினின்றும் நியூசீலந்தினின்றும் வருவது. ஆயினும் 2004இல் ஹொக்கைடோவின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக இவ்வுணவு குறிக்கப்பட்டது. அத்தீவின் பழங்குடியினராகிய ஐனு மக்கள் இதே குடியேற்றத்தால் தம் வேட்டைநிலங்களை இழந்தனர் என்பதும் இங்கு மறக்கற்பாலதன்று. ஒருவர் மரபாகக் கொண்டாடும் உணவு மற்றொருவர் நிலமிழந்த கதையின் மேல் ஆக்கப்பட்டிருக்கலாம்.

தமிழருக்கு ஆட்டிறைச்சி புதிதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாற்சோழன் பொருநரை எதிர்கொண்டு விருந்தளிக்கும் பகுதியிலே, துருவையாகிய செம்மறியின் வெந்த தொடையிறைச்சியும், இருப்புக் காழிற் கோத்துச் சுட்ட ஊனும் பேசப்படுகின்றன. உண்டு உண்டு பற்கள் தேய்ந்ததற்கு அப்பொருநன் கூறும் உவமை, கொல்லை நிலத்தை உழுது தேய்ந்த கொழு. இச்செய்தி புலாலுண்ணாதாரையும் முறுவலிக்கச் செய்யும். முல்லைநிலத்து இடையரின் செல்வம் ஆடுமாடு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளினின்றும் மன்னாரிற் கரையேறி, கால்நடையாகவே மலையேறிய மக்கள் ஆட்டை உடன்கொண்டு வரவில்லை. கொண்டுவரும் நிலையிலும் அவர்கள் இல்லை. கோப்பிக் காலத்திலும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் எழுந்த தேயிலைக் காலத்திலும், அவர்களின் உணவை உறுதிசெய்தது ஒரே பொருள்: தோட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்ட அரிசி.

அரிசி என்பது அங்கே உணவு மட்டுமன்று. கூலியின் ஒரு பகுதியும் கட்டுப்பாட்டுக் கருவியுமாகும். அரிசியின் விலை கூலியினின்றும் கழிக்கப்பட்டது. முதலாம் உலகப் போர் முடிந்ததையடுத்து, 1919இல், இந்தியாவினின்றும் பர்மாவினின்றும் அரிசி வருவது தடைப்பட்டபோது தோட்டங்கள் நடுங்கின. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபின், 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. அரிசி புசல் ஒன்றுக்கு ரூபா 4.80க்கு மேல் விற்கலாகாது எனவும் விதி செய்யப்பட்டது. கணக்கிட்டு நோக்கின் ஒரு புசல் அரிசிக்கு ஆண் ஒன்பது நாளும், பெண் பதினொரு நாளும் உழைக்கவேண்டும். கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை இக்கணக்கோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். தொழிலாளிக்கு இது பெருநன்மை எனப் பேசப்பட்டது. முன்னைய நிலையை நோக்க நன்மையே. எனினும் அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தைக் காட்டி அக்கூலியும் குறைக்கப்பட்டது. இத்தகைய கணக்கில் இறைச்சிக்கு இடமேது?

இடம் இருந்தது, ஆனால் அஃது அன்றாட உணவில் அன்று, வழிபாட்டில். தோட்டத் தொழிலின் ஒவ்வொரு கட்டத்திற்கும் அம்மக்கள் ஒரு தெய்வத்தைக் கண்டனர். தொழிற்சாலையின் சுழலும் உருளைகளுக்கு ரோதைமுனி. தேயிலையைக் கவ்வாத்துச் செய்யுமுன் கவ்வாத்துச்சாமி. மலையெல்லைகளில் முனியாண்டியும் மாடசாமியும். கூரிய கத்தியோடு சரிவில் நின்று செய்யும் வேலைக்கும், கையை இழுத்துக்கொள்ளும் பொறிக்கும் அஞ்சிய மக்களின் வழிபாடு அது. அவ்வழிபாடுகளிற் சேவலோ ஆடோ பலியிடப்பட்டது. பலியிட்ட ஆடு அங்கேயே ஆக்கப்பட்டுப் பங்கிடப்பட்டது. அடுப்பெரித்ததும் தேயிலையே, கவ்வாத்தில் வெட்டி வீழ்த்திய மிலாறுதான் தோட்டத்து விறகு. ஆங்கிலேயன் தன் மேசையில் வைக்க விரும்பிக் கொணர்ந்த செம்மறி நிலைக்காத அதே மலையில், தொழிலாளியின் வெள்ளாடு தெய்வத்தின் பங்காக வந்து மனிதன் பங்காக முடிந்தது. ஆங்கிலத்திற் செம்மறி இறைச்சியைக் குறிக்கும் 'மட்டன்' என்னும் சொல் இலங்கையிலும் இந்தியாவிலும் வெள்ளாட்டிறைச்சிக்கே பெரிதும் வழங்குவதாயிற்று. சொல்லைக்கூட மக்கள் தம் ஆட்டுக்கு மாற்றிக்கொண்டனர்.

தீபாவளி மற்றொரு வாய்ப்பு. தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணத்திற் புத்தாடையும் இறைச்சியும் வாங்குவர். பல குடும்பங்கள் கூடி ஓர் ஆட்டை வாங்கிக் கூறுபோட்டுக் கொள்வதும் உண்டு. முற்பணம் என்பது கடனே. அடுத்த மாதங்களின் கூலியினின்றும் அது கழியும். ஆண்டிற்கொருமுறை வீட்டில் மணந்த ஆட்டுக்கறியின் விலையைப் பின்வந்த மாதங்கள் முழுவதும் கொழுந்துக்கூடையிற் சுமந்து இறுத்தனர். லயத்து அறையும் அதனைச் சூழ்ந்த நிலமும் தோட்டத்தின் உடைமையாதலின், ஆடுமாட்டுக்குப் பட்டி கட்டுவதற்கும் துரையின் இசைவு வேண்டும். ஹொக்கைடோ உழவனுக்கும் அட்டன் தோட்டத் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முனைப்பாகத் தோன்றுகின்றது. அங்கே அரசு ஆட்டை அவன் வீட்டு வாயிலிற் கொண்டுவந்து விட்டது. இங்கே ஆட்டைக் கட்ட ஒரு முளை அடிக்கவும் மற்றொருவர் சம்மதம் வேண்டியிருந்தது.

மரக்கறியின் வரலாறு இதனினும் சற்று ஒளியுடையது. பேக்கரின் பயிரை அழித்த மண்ணே, எருவிட்டுப் பண்படுத்தியபின், கோவா, லீக்ஸ், கரட், பீற்றூட், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்குத் தாயகம்போலாயிற்று. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியபின் கொழும்புச் சந்தையும் அணித்தாயிற்று. கந்தப்பளை, மீப்பிலிமானை, சீத்தாஎலியா முதலிய இடங்கள் மரக்கறியாற் பெயர்பெற்றன. தோட்டத் தொழிலாளரும் லயத்தின் பின்புறத்திலும், ஓடைக்கரையிலும், தேயிலை நடப்படாத சரிவுகளிலும் சிறு பாத்திகள் அமைத்தனர். காலையிற் கொழுந்தெடுக்கப் போய் மாலையில் மீண்டபின் எஞ்சிய ஒளியில் அவற்றைக் கொத்தினர். மாட்டுச்சாணமே எரு. வங்களாத் தோட்டத்தில் ஆங்கிலேயருக்காக விளைந்த கோவா இவ்வாறு தொழிலாளியின் சட்டியிலும் புகுந்தது. 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டபோது, மலையில் விளைந்த கிழங்குக்கு நல்ல விலை கிடைத்தது. பாத்தி வைத்திருந்த சிலருக்குக் கையிற் காசும் புரண்டது. ஆயினும் பாத்தி இருக்கும் நிலம் அவர் பெயரில் இல்லை.

இச்சிறு பாத்திகளின் மதிப்பு இருமுறை நன்கு புலப்பட்டது. 1942இல் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. தோட்டத்து ரொட்டி வேரூன்றியது அக்காலத்திலேயே. தன் மண்ணில் ஆட்டைச் சுட்டுண்ணக் கற்ற நாட்டின் போர், மற்றொரு மலையில் வாழ்ந்தார் சோற்றையே மாற்றிவிட்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இரண்டாவது காலம் இதனினும் கொடிது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலை ஏற, அரிசிப் பங்கீடு குறைய, மாவும் கிடையாதொழிய, தோட்டங்களிற் பட்டினி பரவி இறப்புத்தொகை உயர்ந்தது. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலோ, பலாமரமோ, மரவள்ளிக் கொல்லையோ இருந்தது. லயத்தில் வாழ்ந்தவனுக்கு இருந்தது ஒரு பாத்தி மட்டும். பலருக்கு அதுவும் இல்லை. பசியால் தோட்டத்தை விட்டு வெளியேறி, நகர வீதிகளிற் கையேந்தியோரும் உளர். உலகின் சிறந்த தேயிலையை விளைவித்த மலையில் இது நிகழ்ந்தது.

அதற்கு முன்னரே பலருக்கு அம்மலையை விட்டுப் போகும் விதியும் எழுதப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிய மக்களைப்பற்றி 1964 ஒக்தோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாத்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 5 இலட்சத்து 25 ஆயிரவரை இந்தியாவும், 3 இலட்சவரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரவரின் முடிவு பின்னைக்கு விடப்பட்டது. மக்களைக் கூறுபோட்ட அவ்வுடன்படிக்கையில் அம்மக்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. திரும்பியோருட் பலருக்கு வேலையளிக்கவென்றே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் அவர்கள் மீண்டும் மலையேறினர். மீண்டும் கொழுந்துக்கூடையை முதுகில் ஏற்றினர்.

பேக்கர் நுவரெலியாவில் நாட்ட முயன்றதை ஒத்த முயற்சி நீலகிரியில் ஒருவாறு பலித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொணர்ந்த தாசுமேனிய மெரினோ, செவியட், சவுத்டவுண் ஆகிய இனங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து நாட்டாட்டோடு கலந்து, நீலகிரிச் செம்மறி எனத் தனியினமாகவே உருவாயிருந்தன. அவ்வினத்தின் வெண்மையான நுண்கம்பளி தென்னாட்டில் அரிதாகக் கிடைப்பது. 1848இல் 'ஏள் ஒவ் ஆட்விக்' கப்பலில் வந்த கடாக்களுள் ஒன்றும் சவுத்டவுணே. நுவரெலியாவில் மண்ணாய்ப்போன அவ்வினத்தின் குருதியை உடலிற் கொண்ட ஆடுகள், நுவரெலியாவினின்றும் அட்டனினின்றும் வந்தோர் குடியேறிய மலைகளின் புற்சரிவுகளில் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் தேயிலை விரிய விரிய மேய்ச்சல்நிலம் சுருங்கிற்று. நீலகிரிச் செம்மறியின் தொகை பெரிதும் குறைந்தது. உதகமண்டலத்தையடுத்த சாண்டிநல்லா ஆட்டின ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணிவருகின்றது.